கோல் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 ஜூன் மாத என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் தேர்வில், சாகினா இளையோர் அணிக்காக 65 ஆட்டங்களில் 62 கோல்கள் போட்ட முன்கள வீரர் மைக்கேல் மிசா இருக்க, காறை எலும்பு முறிவால் அப்பருவத்தில் ஈரி இளையோர் அணிக்கு 17 ஆட்டங்களே ஆடிய பின்கள வீரர் மேத்யூ ஷேஃபரை நியூயார்க் ஐலண்டர்ஸ் முதலாவதாக எடுத்தது சரியே என்று உறுதியாக நம்புகிறேன். தன் வலைக்குப் பின்னால் பக்கை (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டை) எடுக்கும் முன்பே தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்து, நெருக்கி வரும் எதிரியை ஓர் உடல் வளைவில் ஏமாற்றி, நேராகச் சக வீரரின் மட்டைக்கு அனுப்பும் அந்த முதல் பாஸ் எந்தக் கோல் கணக்கிலும் ஏறுவதில்லை. அறுபது நிமிட ஆட்டத்தில் சிறந்த பின்கள வீரர் ஏறத்தாழ 25 நிமிடங்கள் களத்தில் இருக்கிறார். முன்கள வீரருக்கு அத்தனை நேரம் கிடைப்பது அரிது.

அதற்காகப் பின்கள வீரரையே எப்போதும் எடுக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 2013-இல் கொலராடோ அணி, டென்வரில் சிறுவயதைக் கழித்த பின்கள வீரர் சேத் ஜோன்ஸை விட்டுவிட்டு முன்கள வீரர் நேதன் மெக்கின்னனை எடுத்தபோது பலர் வருந்தினர். மெக்கின்னனோ 2024-இல் லீகின் மிகச்சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதை வென்றார். அதே அணி 2017-இல் நான்காவதாக எடுத்த பின்கள வீரர் கேல் மகார், 2022-இல் அந்த அணி என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்ற தொடரின் சிறந்த வீரரானார். அணியின் இன்றைய ஓட்டையை அடைக்கப் பதினெட்டு வயதுப் பையனைத் தேடுவதுதான் தவறு. அவன் முழு வளர்ச்சி பெறும்போது அந்த ஓட்டை வேறிடத்தில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்கார்பரோ