முதலில் நங்கூரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தோளில் அடிபட்டிருந்ததால் பதில் எழுத முடியவில்லை. இப்போது பரவாயில்லை. படகு வாங்கிவிட்டேன், இனித் தனியாகவே கடலுக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறாய். அதனால் அடிபட்ட கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் நானும் தம்பியும் திரும்பிக்கொண்டிருந்தோம். காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து வேகமாக அடித்தது. பாறைகளுக்கு முன்னால் ஒரு சின்னப் பாய்மரப் படகு, பாய் கிழிந்து தொங்கியது. ஒரே ஒரு ஆள் குனிந்து எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாறை 300 மீட்டரில் இருந்தது. ஒரு நாட், அதாவது மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஒதுங்கும் படகு பார்வைக்கு நிற்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் நிமிடத்துக்கு 30 மீட்டர் போய்விடும். அவருக்கு மிஞ்சியது பத்து நிமிடம்.

தம்பி ரேடியோவில் 16-ஆம் சேனலில், அதுதான் ஆபத்து அழைப்புக்கானது, தகவல் சொன்னான். நேராக அவர் பக்கத்தில் போயிருந்தால் நாங்களும் பாறையில்தான் முடிந்திருப்போம். அதனால் கடல் பக்கமாகவே நங்கூரம் போட்டு, அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, அலைக்குக் காட்டியபடி, நங்கூரக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பின்னால் இறங்கினோம். நான் எறிந்த முதல் கயிறு தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதைப் பிடித்தவர் அதைக் கையில் சுற்றிக்கொண்டார்! கத்திக் கத்தி, முன்பக்கக் கட்டையில் கட்ட வைத்தேன். எங்கள் பக்கம் நான் கட்டி முடிப்பதற்குள் ஒரு பெரிய அலை தூக்கியது. தோள் போனது அப்போதுதான்.

தம்பி அந்த நேரம் முழுக்க எஞ்சினை விட்டு அசையவில்லை. கயிறு புரொப்பெல்லரில் சிக்காமல், படகு குறுக்கே திரும்பாமல் பார்த்துக்கொண்டான். 1838-இல் இங்கிலாந்தின் லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்திலிருந்து, கப்பல் உடைந்து பாறையில் தவித்தவர்களைக் காப்பாற்ற அப்பாவோடு துடுப்புப் போட்டுப் போன கிரேஸ் டார்லிங்கை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது 22 வயது. அவள் துடுப்புப் போட்டுப் போனதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அப்பா பாறையில் குதித்த பிறகு, அந்த அலையில் படகு மோதாமல் ஒற்றை ஆளாகப் பிடித்துவைத்தாளே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம். அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. ஈரத் துணியைக் கழற்றிப் போர்வை சுற்றி உட்கார வைத்தோம்.

நண்பா, மறுநாள் அவர் படகைப் பார்த்தேன். நங்கூரம் அதன் இடத்திலேயே, நாலு சுற்றுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியபடி இருந்தது. அரை மணி நேரம் எஞ்சினை முடுக்கிப் பார்த்தாராம். நங்கூர நினைப்பே வரவில்லையாம். அங்கே ஆழம் பத்து மீட்டர்தான், போட்டிருந்தால் பிடித்திருக்கும். பிடிக்காமல் இழுபட்டிருந்தாலும் வேகம் குறைந்து நேரம் கிடைத்திருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயத்தில் கை பழகிய இடத்துக்குத்தான் போகும்.

உன் நங்கூரம் எப்படிக் கட்டியிருக்கிறது? கயிறு எத்தனை மீட்டர்? ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது வெளியே விட வேண்டும், காற்று பலமென்றால் ஏழு மடங்கு. ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சை மாற்று. மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுது, அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

உன் பழைய கூட்டாளி