உறையைப் பிரிப்பதற்கு முன்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

எது வெளிவரும், எது வராது என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்கில் பதினோரு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். இப்போது வாசகன் மட்டும். உங்களிடம் கேட்க ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. ஹேக் செய்து எடுத்த மின்னஞ்சல், ஒட்டுக்கேட்ட பேச்சு, அலுவலகத்திலிருந்து வெளியே வந்த கோப்பு என்று ஏதோ ஒரு அரசியல் தகவல் உங்கள் மேசைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே எழுதி, வாசகருக்குத் தெரியும்படி வெளியிடுங்கள். அது எந்தக் கட்சியைப் பற்றியது என்று தெரிவதற்கு முன்பே எழுதுங்கள்.

ஏன் முன்பே என்கிறேன் என்றால், நாங்கள் அதைச் செய்யாமல் விட்டதன் விளைவைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு உள்ளாட்சித் தேர்தலுக்கு நான்கு நாள் இருந்தபோது அலுவலகத்துக்கு ஒரு பென் டிரைவ் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. அந்தக் கால மொட்டைக் கடுதாசி இப்போது இப்படி வருகிறது, அவ்வளவுதான். உள்ளே பதினேழு நிமிடத் தொலைபேசிப் பேச்சு. உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் ஒருவர் ஒப்பந்தக்காரரிடம் சாலை வேலைக்குக் கமிஷன் பேசுகிறார். அது செய்திதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் பேச்சின் நடுவே, மகளின் நிச்சயதார்த்தம் நின்றுபோனதைச் சொல்லி அவர் அழுகிறார். நின்றதற்கான காரணத்தையும் சொல்கிறார். பதினேழு நிமிடத்தையும் அப்படியே இணையத்தில் ஏற்றினோம். வெட்டினால் எதையோ மறைத்தோம் என்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றியது கமிஷன் பேச்சு இல்லை. அந்த அழுகைதான். யார் பதிவு செய்தார், ஏன் அந்த வாரத்தில் அனுப்பினார் என்று டெஸ்கில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சில மாதம் கழித்து மறுதரப்புப் பிரமுகர் ஒருவரின் பேச்சு இதே போல வந்தது. அப்போது மட்டும் எங்களுக்குத் தனிமனித அந்தரங்கம் நினைவுக்கு வந்தது. அதைப் போடவில்லை.

இது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகளும் இதே இடத்தில் தடுமாறின.

2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்குக் கூகுளிலிருந்து வந்தது போன்ற ஒரு போலி எச்சரிக்கை மின்னஞ்சல் போனது. அதன் வழியாக அவருடைய கணக்கு களவுபோனது. அக்டோபர் 7ஆம் தேதி, டிரம்ப் பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசிய பழைய வீடியோவை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் பொடெஸ்டாவின் மின்னஞ்சல்கள், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளத்தில் வரத் தொடங்கின. அதிலிருந்து தேர்தல் நாள் வரைக்கும் தினமும் ஒரு தவணை. எப்போது எது வெளிவர வேண்டும் என்பதை அவற்றை வெளியிட்டவர்கள் முடிவு செய்தார்கள், பத்திரிகைகள் பின்னால் ஓடின. அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ், தன்னையும் சேர்த்தே எல்லாப் பெரிய ஊடகங்களும் ரஷ்ய உளவுத்துறையின் கருவிபோல ஆகிவிட்டன என்று எழுதியது. 2018 ஜூலையில் இந்தத் திருட்டுக்காக ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவின் 12 அதிகாரிகள் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது.

சரி, அந்த மின்னஞ்சல்களில் செய்தியே இல்லையா? இருந்தது. விவாத நிகழ்ச்சிக்கான கேள்விகளை ஜனநாயகக் கட்சி நிர்வாகி டோனா பிரேசில் முன்கூட்டியே கிளின்டன் தரப்புக்குச் சொல்லியிருந்தது அப்படித்தான் தெரியவந்தது. கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் கிளின்டன் பேசிய உரைகளின் பகுதிகளும் அதில்தான் கிடைத்தன. மக்களுக்குத் தெரிய வேண்டியவைதான். ஆனால் பொடெஸ்டா ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசி உணவைச் சமைக்கச் சொன்ன குறிப்பும் செய்தியானது. அவருடைய மின்னஞ்சல்களில் இருந்த பீட்சா என்ற சொல்லுக்கு ரகசிய அர்த்தம் கற்பித்து, குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கதை கட்டினார்கள். அதை நம்பிய ஒருவர் 2016 டிசம்பர் 4ஆம் தேதி வாஷிங்டனில் ஒரு பீட்சா கடைக்குள் துப்பாக்கியோடு புகுந்து சுட்டார். யாருக்கும் காயமில்லை என்பது அதிர்ஷ்டம். 2016 ஜூலையில் வெளியான ஜனநாயகக் கட்சித் தலைமையகத்தின் மின்னஞ்சல்களில், கட்சிக்கு நன்கொடை கொடுத்த சாதாரண மனிதர்களின் கடன் அட்டை எண்கள்கூட இருந்தன.

எட்டு ஆண்டு கழித்து, 2024இல், ஈரானிய ஹேக்கர்கள் டிரம்ப் பிரசாரக் குழுவுக்குள் நுழைந்தார்கள். துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸின் பலவீனங்கள் என்று அவருடைய கட்சிக்காரர்களே தொகுத்த 271 பக்க ஆவணம், ‘ராபர்ட்’ என்ற பெயரில் பொலிட்டிகோ என்ற செய்தி நிறுவனத்துக்கு வந்தது. நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் ஆகியவையும் இப்படிப் பெற்றன. மூன்றும் ஹேக் நடந்ததை எழுதின, ஆவணத்தை வெளியிடவில்லை. புதிதாகச் சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்பது ஒரு காரணம். அது சரியான முடிவாகக்கூட இருக்கலாம், நான் அங்கே இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் 2016இல் கிளின்டன் பக்கம் நின்றவர்கள் எழுப்பிய கேள்விக்கு அந்தப் பத்திரிகைகளிடம் நல்ல பதில் இல்லை: எங்களுக்கு ஒரு நீதி, அவர்களுக்கு ஒரு நீதியா? அரசியல்வாதிகளின் நிலையும் அப்படியே புரண்டது. 2016 அக்டோபரில் விக்கிலீக்ஸை நேசிப்பதாக மேடையில் சொன்னார் டிரம்ப். 2024இல் அவருடைய பிரசாரக் குழு, இந்த ஆவணங்களை வெளியிடும் ஊடகம் அமெரிக்காவின் எதிரிகளுக்கு வேலை செய்கிறது என்றது. அரசியல்வாதி அப்படிப் புரளலாம், அவர் பிழைப்பு அது. பத்திரிகை புரளக் கூடாது. கற்றுக்கொண்டுதான் மாறினோம் என்று ஒரு பத்திரிகை சொல்வது உண்மையாகவே இருந்தாலும், விதியை முன்பே வெளியிட்டிருந்தால்தான் வாசகர் அதை நம்புவார்.

பிரான்சில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. 2017 மே 5, வெள்ளிக்கிழமை இரவு. தேர்தல் பிரசாரம் ஓய்வதற்குச் சில மணி நேரமே இருந்தபோது அதிபர் வேட்பாளர் மக்ரோன் குழுவின் மின்னஞ்சல்கள் சுமார் ஒன்பது ஜிகாபைட் இணையத்தில் கொட்டப்பட்டன. ஞாயிறு வாக்குப்பதிவு. உண்மையோடு போலியும் கலந்திருக்கிறது என்று மக்ரோன் தரப்பு சொன்னது. தேர்தல் பிரசாரத்தைக் கண்காணிக்கும் ஆணையம் வெளியிட வேண்டாம் என்று ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. லெ மோந்த் நாளிதழ், இதை வாக்குப்பதிவுக்கு முன் வெளியிட மாட்டோம், ஆராய்ந்து பிறகு எழுதுவோம் என்று வாசகரிடம் நேராகச் சொன்னது. போடாததையும் சொல்லிவிட்டுத்தான் போடாமல் விட்டது. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. நம் ஊரிலும் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குத் தொலைக்காட்சியில் தேர்தல் விஷயங்களைக் காட்டச் சட்டத் தடை இருக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் இங்கேயும் ஆடியோக்கள் வருகின்றன.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

கசிந்த ஆவணத்தை வெளியிடுவதே தப்பு என்று சொல்லும் உரிமை சென்னைக்கு இல்லை. போபர்ஸ் பீரங்கி பேரத்தின் உள்விவரங்களை 1988இல் ஆவணங்களோடு வெளியிட்டது இந்த ஊரிலிருந்து வரும் ‘தி இந்து’. அதை எழுதிய நிருபர் சித்ரா சுப்பிரமணியத்துக்கு அந்தத் தாள்களைக் கொடுத்தவர் தான்தான் என்று ஸ்வீடன் காவல்துறையின் ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் 2012இல்தான் வெளியே சொன்னார். இத்தனை ஆண்டு அவர் பெயர் காப்பாற்றப்பட்டது. மனசாட்சி உறுத்தி உள்ளிருந்து ஒருவர் நீட்டும் தாளும், வேறொரு நாட்டின் உளவாளி பூட்டை உடைத்து எடுத்து நம்மிடம் தள்ளும் மூட்டையும் ஒன்றாகிவிடாது. 2019இல் ரஃபேல் போர் விமான பேரத்தின் ஆவணங்களை அதே பத்திரிகை வெளியிட்டபோது, திருடப்பட்டவை என்று உச்ச நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல் சொன்னார். இரண்டு நாளில், நகல்கள் என்று மாற்றிச் சொன்னார். ஏப்ரல் 10ஆம் தேதி நீதிமன்றம் அரசின் ஆட்சேபத்தை நிராகரித்து, அந்த ஆவணங்களைப் பார்க்கலாம் என்றது. நவம்பரில், அந்த ஆவணங்களைக் காட்டிய சீராய்வு மனுக்களையே தள்ளுபடி செய்தது. ஆவணத்தைப் பார்ப்பது ஒன்று, அது எதை நிரூபிக்கிறது என்பது வேறொன்று.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் திருமங்கலம். 2011 மார்ச்சில், சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, விக்கிலீக்ஸ் கொடுத்த அமெரிக்கத் தூதரகத் தந்திகளை, அதாவது தூதரகங்கள் தங்கள் அரசுக்கு அனுப்பிய உள் அறிக்கைகளை, ‘தி இந்து’ வெளியிடத் தொடங்கியது. எப்படிக் கிடைத்தது, இதில் பணப் பரிமாற்றம் இல்லை என்பதை முதல் நாளே வாசகருக்குச் சொன்னது. ஒரு தந்தி 2009 திருமங்கலம் இடைத்தேர்தலைப் பற்றியது. காலைச் செய்தித்தாளுக்குள் உறை வைத்து, ஒரு வாக்குக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள் என்கிறது அது. தந்தி அசல். ஆனால் அதில் இருப்பது ஒரு தூதரக அதிகாரி மற்றவர்கள் சொல்லக் கேட்டு எழுதியது. அதில் வந்தவர்கள் மறுத்தார்கள். ‘தூதரக அதிகாரி இப்படி எழுதியிருக்கிறார்’ என்பது ஒரு செய்தி. ‘இப்படி நடந்தது’ என்பது இன்னொரு செய்தி, அதற்கு நாம் தனியாகத் திருமங்கலம் போய்க் கேட்க வேண்டும். தலைப்பு எழுதும் அவசரத்தில் முதலாவது இரண்டாவதாக மாறிவிடுவதை நான் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன், மாற்றியும் இருக்கிறேன்.

அதே தந்திக் குவியலில் ஈழத்தமிழர் யாரும் மறக்க முடியாத ஒன்று உண்டு. 2010 ஜனவரியில் கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதர் பட்ரீசியா பியூட்டெனிஸ், போர்க் குற்றங்கள் என்று சொல்லப்படுபவற்றில் பலவற்றுக்கான பொறுப்பு, அதிபர் ராஜபக்சவும் அவர் சகோதரர்களும் போரின்போது ராணுவத் தளபதியாக இருந்த பொன்சேகாவும் உள்ளிட்ட நாட்டின் மேல்மட்டத் தலைமையிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தார். வெளியே ஒன்று பேசும் அரசுகள் உள்ளே என்ன எழுதிக்கொள்கின்றன என்பது கசிவு இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் எல்லாவற்றையும் மூடி வை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் 2011 செப்டம்பரில் இரண்டரை லட்சம் தந்திகளும் பெயர்கள் அழிக்கப்படாமல் வெளியாகின. ‘கண்டிப்பாகக் காக்கப்பட வேண்டியவர்’ என்று குறிக்கப்பட்ட பெயர்களும் அவற்றில் இருந்தன. அதுவரை விக்கிலீக்ஸோடு சேர்ந்து வேலை செய்த ஐந்து பத்திரிகைகள் அதைக் கண்டித்தன. போர் நடக்கும் இடத்திலிருந்து ஒரு தூதரகத்திடம் வாய் திறப்பவர் யாராக இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பாதிரியார், ஒரு பள்ளி ஆசிரியர், மகனைத் தேடி அலையும் ஒரு தாய்.

2023 ஏப்ரலில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியது என்று ஆடியோ துண்டுகள் பரவின. அவர் புனையப்பட்டவை என்றார். நம் ஊரில் பலர் அதை நம்புவதா வேண்டாமா என்பதைக் கட்சியைப் பார்த்து முடிவு செய்தார்கள். குரலைக் கணினியே பேசும் இந்தக் காலத்தில் இது இன்னும் மோசமாகும்.

அதனால் உங்கள் விதியில் என்ன இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். தகவல் எப்படி வந்தது என்பதைச் செய்தியின் முதல் சில வரிகளிலேயே சொல்லுங்கள். கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டாம். உள்ளே இருப்பவரா, வெளியாளா, நமக்கே தெரியாத ஆளா, எந்தத் தேதியில் வந்தது என்பதையாவது சொல்லலாம். உள்ளே இருப்பவர் என்று சொல்வதே அவரைக் காட்டிக்கொடுக்கும் என்றால், அதைச் சொல்ல முடியாது என்றே எழுதுங்கள். அது வெளிவந்தால் யாருக்கு லாபம் என்பதை ஒரு நிருபர் விசாரிக்கட்டும், அதுவும் செய்திதான். பேசியவரிடம் கேட்காமல் எதுவும் போக வேண்டாம். மூட்டையை மொத்தமாக ஏற்ற வேண்டாம், பொதுக் காரியத்துக்குத் தேவையான பகுதி போதும், எதை வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்று ஒரு வரி போதும். எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கவோ அதற்குக் காசு கொடுக்கவோ கூடாது. போடுவதில்லை என்று முடிவு செய்தால், வந்தது, போடவில்லை என்பதையும் சொல்லுங்கள். இந்தக் கடைசிதான் நம் ஊரில் யாரும் செய்யாதது. போடாமல் வைத்திருக்கும் பென் டிரைவ் பேரம் பேசும் பொருளாக மாறிவிடுகிறது. அதைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதவில்லை, டெஸ்கில் இருந்தவர்களுக்குப் புரியும்.

இதெல்லாம் அரைப் பக்கத்துக்குள் அடங்கும். தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முன் ஒரு நாள், ஆசிரியர் கையெழுத்தோடு, தேதி போட்டு வெளியிடுங்கள்.

இன்னொன்று. அந்தப் பதினேழு நிமிட ஆடியோவில் வந்த பெண்ணுக்கு எங்கள் பத்திரிகை இன்றுவரை ஒரு வரி வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தவறு நடந்தால் யாரிடம், எந்தப் பக்கத்தில் வருத்தம் தெரிவிப்பீர்கள் என்பதையும் அந்த அரைப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு முன்னாள் உதவி ஆசிரியர்