செயலாளரின் ஆண்டறிக்கை

சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த ஆண்டு நம் நேரமெல்லாம் வன உரிமை மனுக்களுக்கே போனது. காட்டில் தலைமுறையாக வாழ்பவர்களின் நிலத்துக்கும் வாழ்வுக்கும் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டாலும், நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. அதற்குள் சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது நாம் அவசரப்படுவது அதனால்தான்.

தை மாதம் கொடுத்த தனிநபர் மனுக்கள் ‘ஆவணம் இல்லை’ என்று ஒரே வரியில் திரும்பி வந்தன. காகிதம் மட்டும்தான் சான்று என்று எந்த விதியிலும் இல்லை. பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று, பழைய கிணறும் இடுகாடும் சாமி மரமும்கூடச் சான்று என்கிறது அந்தச் சட்டத்தின் விதிகளில் 13-ஆவது. இப்படி ஏதாவது இரண்டு இருந்தால் போதும். சரி, காட்டித்தான் கொடுப்போமே என்று கிளம்பினோம். மனுக்களைச் சரிபார்க்கக் கிராம சபை அமைத்த வன உரிமைக் குழுவின் பெண்கள் செல்போனில் ஜிபிஎஸ் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்கள். புளியமரத்தடியில் எண்பது தாண்டிய பாட்டி ஒருவர் கைத்தடியால் மூன்று கல்லைத் தட்டிக் காட்டினார். “இது எங்கப்பன், இது ஆத்தா, இது பேரு வைக்கிறதுக்கு முன்னயே போன தம்பி.” படம் எடுத்து, அவர் சொன்னதை எழுதிப் படித்துக்காட்டி, கைநாட்டு வாங்கி மறுபடி மனு கொடுத்திருக்கிறோம். இனியும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்போம். மேல்முறையீட்டுக்கு 60 நாள் இருக்கிறது.

பெரிய தலைவலி, மனுக்களுக்குத் தீர்மானம் போட வேண்டிய கிராம சபைதான். சபை உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். கூட்டமோ மலைக்குக் கீழே; பஸ் ஒன்றுதான். இரண்டு முறை கோரம், அதாவது தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாமல் கலைந்தது. அரசின் ஊர்ப் பட்டியலில் இல்லாத பழைய குடியிருப்பையும் கிராமம் என்றே சட்டம் ஏற்கிறது. ஆகவே நம் ஊரிலேயே கூட்ட வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை.

கடுக்காய், சீமார் புல், தேன் எல்லாம் சேகரித்து விற்கும் உரிமை சட்டப்படி நம்முடையது. வியாபாரி ‘கழிவு’ என்று எடையைக் குறைப்பதைத் தடுக்கச் சொந்தத் தராசு வாங்கினோம். அது நன்றாக நடக்கிறது. ஆனால் கொட்டகைக் கூரையை மாற்றாமல் விட்டதில் ஒரு மழைக்கே புல் கட்டுகள் நனைந்து கறுத்துவிட்டன. அது என் கவனக்குறைவு.

சந்தா பாக்கி வழக்கம்போல.

அப்புறம், மே 1 கிராம சபைக்கு மேல் ஊர்களிலிருந்து பெண்களை அழைத்து வர ஜீப் வேண்டும். டீசல் செலவை எப்படிச் சமாளிப்பது என்பதை இன்றே பேசி முடித்துவிடலாம்.

செயலாளர்