கடைசி இலக்கம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். இந்த ஆண்டும் பிளஸ் ஒன் இயற்பியல் எனக்குத்தான். உன் மகளும் அதே வகுப்புக்கு வந்துவிட்டாள் என்பதை நம்பவே முடியவில்லை.

"முதல் பாடத்திலேயே முக்கிய எண்ணுருக்கள் என்று விதி விதியாக வருகிறதாம், இது எதற்கு என்று கேட்கிறாள்" என்று எழுதியிருந்தாய். நல்ல கேள்வி. அளந்த ஓர் எண்ணில் எந்த இலக்கம் வரைக்கும் பொறுப்பேற்கலாம் என்று சொல்வதுதான் முக்கிய எண்ணுரு. விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதால்தான் பிள்ளைகளுக்கு இது வீண் வேலையாகத் தெரிகிறது. அவளிடம் முதலில் தனி ஊசலைப் பற்றிச் சொல், நூலில் குண்டைக் கட்டி ஆடவிடும் சோதனை.

நூலின் நீளம் 98.2 செ.மீ. இருபது அலைவுகளுக்கு 39.8 வினாடி, அதாவது ஓர் அலைவுக்கு 1.99 வினாடி. g = 4π²l/T² என்ற சூத்திரத்தில் நீளத்தை மீட்டரில் போட்டால் புவியீர்ப்பு முடுக்கத்துக்குக் கால்குலேட்டர் 9.789603 என்று காட்டும். பிள்ளைகள் அதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுவார்கள். மீட்டர் அளவுகோலும் நிறுத்துக் கடிகாரமும் வைத்துக்கொண்டு ஆறாவது தசம இடம் வரைக்கும் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் முழிப்பார்கள். நீளத்தில் மூன்று இலக்கம், நேரத்தில் மூன்று இலக்கம். விடையிலும் மூன்றுதான் நிற்கும். 9.79 என்று எழுத வேண்டும். இருபது என்பது எண்ணிப் பார்த்தது, அளந்தது இல்லை. அதனால் அது இந்தக் கணக்கில் சேராது.

அந்த இருபதை அவள் கவனிக்க வேண்டும். கடிகாரத்தை அழுத்தும் கை கிட்டத்தட்ட 0.2 வினாடி முன்பின்னாக இருக்கும். ஒரே ஓர் அலைவை அளந்தால் அந்தத் தடுமாற்றம் முழுவதும் அதன் மேலேயே விழும். பத்தில் ஒரு பங்கு சந்தேகம். இருபது அலைவுகளை அளந்து வகுத்தால் அதே 0.2 வினாடி 0.01 ஆகிவிடுகிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் வாங்காமல் ஓர் இலக்கத்தைச் சம்பாதித்துவிட்டோம்! எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியமாகவே இருக்கிறது. சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக வருவதால் அந்த 0.01 விடையில் சுமார் 0.1 ஆகப் பெருகும் என்பதையும் சொல்லிவிடு. அதாவது 9.79இல் உள்ள 7கூட உறுதி இல்லை. முக்கிய எண்ணுரு விதி ஒரு முதல் வேலிதான். அதற்கு அப்புறம் பிழைக் கணக்கு என்று தனியாக ஒன்று உண்டு.

கழித்தலில்தான் பெரிய இழப்பு. மருந்துகளை எடை போடும் உனக்கு இது தினமும் பழகிய வேலை. காலி பீக்கர் 52.41 கிராம், மருந்துத் தூளோடு 52.56 கிராம். இரண்டிலும் நான்கு நான்கு இலக்கம். கழித்தால் மிஞ்சுவது 0.15, இரண்டே இலக்கம். அதற்குப் பிறகு எத்தனை தடவை பெருக்கினாலும் வகுத்தாலும் போன இலக்கங்கள் திரும்பி வராது. கூட்டல் கழித்தலுக்குத் தசம இடத்தையும், பெருக்கல் வகுத்தலுக்கு இலக்க எண்ணிக்கையையும் ஏன் பார்க்கிறோம் என்பது இந்த ஒரு கணக்கிலேயே புரிந்துவிடும். நடுவழியில் இலக்கங்களைக் குறைத்து முழுமையாக்கிவிடக் கூடாது, கடைசியில்தான் செய்ய வேண்டும் என்பதை மட்டும் நினைவுபடுத்து.

பூஜ்யம் அவளைக் குழப்புகிறது என்றும் எழுதியிருந்தாய். அதற்கு எவரெஸ்ட் கதை சரியாக இருக்கும். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் நூறு அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை, அதாவது அளவையைத் தொடங்கும் முதல் கோட்டை, அளந்தார். அங்கிருந்து வளர்ந்த நில அளவைதான் பிறகு இமயம்வரை போனது. அந்த அளவைத் துறையில் கணக்குப் போட்ட ராதாநாத் சிக்தர் போன்றவர்கள் கணக்கிட்டபோது சிகரத்தின் உயரம் சரியாக 29,000 அடி என்று வந்ததாம். அப்படியே அறிவித்தால் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது என்று நினைப்பார்களே என்று அந்தத் துறையின் தலைவர் ஆண்ட்ரூ வா (Waugh) இரண்டு அடி சேர்த்து 1856இல் 29,002 என்று அறிவித்தார் என்று சொல்வார்கள். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8848.86 மீட்டர், சுமார் 29,032 அடி. பார், 290 வரைக்கும் அந்தக் காலத்துக் கணக்கு நின்றுவிட்டது. அடுத்த இலக்கத்தில்தான் ஆட்டம். அந்தக் கருவிகளுக்கு இது மகத்தான வேலை. 2.90 × 10⁴ அடி என்று எழுதியிருந்தால் எத்தனை இலக்கத்துக்குப் பொறுப்பேற்கிறோம் என்பது தெரிந்திருக்கும். சும்மா 29,000 என்று எழுதினால் எந்தப் பூஜ்யம் அளந்தது, எது இடத்தை நிரப்ப வந்தது என்று யாருக்குத் தெரியும்?

அம்மாவுக்கு 99 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது என்று போன மாதம் பதறினாயே, அதிலும் இதே விஷயம் இருக்கிறது. வுண்டர்லிஷ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1868இல் உடலின் சராசரி வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்றார். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியதும் 98.6 ஆனது. இரண்டு இலக்கம் மூன்றாகிவிட்டது. முழு எண்ணாகச் சொன்ன 37க்குள் 97.7 முதல் 99.5 வரை எல்லாம் அடங்கும். சராசரியும் ஒரு கோடு இல்லை, ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். அதற்காக மருத்துவரிடம் கேட்காமல் இருந்துவிடாதே.

இன்னொன்று. புத்தகத்தில் 9.8 என்று இருக்கிறதே என்று விடையை 9.80க்கு இழுத்துவிடும் பழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. சென்னையில் உண்மையான மதிப்பே 9.78க்குப் பக்கத்தில்தான். தன் கையால் அளந்ததை அவள் எழுதட்டும். முதல் பிராக்டிகல் முடிந்ததும் அவளுடைய அட்டவணையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. விடை மட்டும் போதாது, அளந்த எண்கள் எல்லாம் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்