அந்தச் செய்தியை அனுப்பியவன் நான்தான்

பெருந்துறை,
ஞாயிறு.

மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் சுகம். பொங்கலுக்கு வராததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இது போனில் சொல்ல வாய் வராத விஷயம்.

வடக்கு வளவு செல்வி பையனுக்கு மணல்வாரி, அதுதான் தட்டம்மை. கண் சிவந்து காய்ச்சல் வந்த நாலாம் நாள், காதுக்குப் பின்னால் தொடங்கி உடம்பெல்லாம் செம்மண் தூவின மாதிரி. வாசலில் வேப்பிலை செருகி இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சளி நுரையீரலில் இறங்கி மூச்சு இழுத்த பிறகுதான் ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆறு நாள். இப்போது வீட்டில் இருக்கிறான், எலும்பும் தோலுமாக.

ஊசி போட்டதா என்று டாக்டர் கேட்டபோது செல்வி என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்கதானுங்க அந்த வாட்ஸ்அப் அனுப்புனீங்க?"

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டார்களே, அப்போது அந்த ஊசி ஆபத்து என்று வந்த புரளி. "எதுக்கும் பார்த்து இருங்க" என்று ஒரு வரி சேர்த்து ஊர் குரூப்பில் போட்டவன் நான். உனக்கும் வந்திருக்கும். நீ எதையும் படிப்பதில்லை, அது ஒன்றுதான் உன் நல்ல குணம். அன்று கைக்குழந்தையாக இருந்தவனை அவள் அதற்கப்புறம் எந்த ஊசிக்கும் கூட்டிப் போகவில்லை.

நோயாளி எழுந்து போன அறைக் காற்றில்கூட இரண்டு மணி நேரம் வரை கிருமி நிற்குமாம். நூற்றுக்கு 95 பேராவது போட்டிருந்தால்தான் பரவாதாம். மிச்ச அஞ்சு இடம், ஊசி போட முடியாதவர்களுக்கு: ஒன்பது மாசம் ஆகாத சிசுவுக்கும் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கும். அந்த இடத்தில் நல்லா இருந்த ஒரு பையனை நான் உட்கார வைத்துவிட்டேன்.

எங்க ஆத்தா முகத்துப் பெரியம்மைக் குழிகள் உனக்கு நினைவிருக்கும். கோவையில் சம்பந்தி வீட்டுக்குப் போகிற வழியில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. நோயின் பேரையே அம்மனுக்கு வைக்கிற அளவுக்குப் பயந்திருக்கிறார்கள். 1980-ல் பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள், நமக்கும் பயம் விட்டுப்போச்சு. அம்மை குத்த வந்த அன்று கிணற்றுமேட்டுக்கு ஓடிய உன்னை வாத்தியார் தோளில் போட்டுக்கொண்டு வந்தாரே, அந்தத் தழும்பு நம் பிள்ளைகள் கையில் கிடையாது.

ஐம்பது வருஷத்தில் தடுப்பூசிகள் காப்பாற்றிய உயிர் 15.4 கோடி, அதில் பாதிக்கு மேல் தட்டம்மை ஊசியால் என்று 2024-ல் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. அதை மட்டும் எனக்கு ஒருத்தரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

சரி, உன் பேத்திக்கு ஒன்றரை வயசு ஆகிறதல்லவா? அட்டையை எடுத்து இரண்டாவது ஊசி போட்டாயிற்றா என்று பார். இன்றைக்கே.

நேற்று குரூப்பில் தப்பு என்னுடையது என்று எழுதினேன். முப்பது பேர் பார்த்தார்கள். நம்ம சின்னையன் மட்டும் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பினான்.

உன்,
பழனிசாமி