மோர்கன் வீரனா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில், 17-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்களைக் கொள்ளையடித்த ஹென்றி மோர்கனைக் 'கடல் வீரன்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஸ்பெயின் கப்பல்களைப் பிடிக்கத்தான் ஜமைக்காவின் ஆங்கிலேய ஆளுநர் அவனுக்கு அனுமதி கொடுத்தார். அவனோ 1668-இல் ஸ்பெயின் வசமிருந்த போர்ட்டோபெலோ என்ற துறைமுக ஊருக்குள்ளேயே புகுந்தான். கோட்டைக் கதவை நெருங்க, பிடிபட்ட துறவிகளையும் பெண்களையும் முதியவர்களையும் தன் ஆட்களுக்கு முன்னால் நடக்கவிட்டான். அப்புறம், ஊரைக் கொளுத்தாமல் விட 1,00,000 பெசோ (ஸ்பானிய வெள்ளி நாணயம்) கறந்தான். 1671-இல் அவன் பனாமாவைத் தாக்கியபோது நகரமே எரிந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பே இங்கிலாந்தும் ஸ்பெயினும் சமாதானம் செய்திருந்தன. சரி, லண்டனுக்குக் கைதியாகக் கொண்டுபோனார்களே, தண்டித்தார்களா? 'சர்' பட்டம் கொடுத்து, ஜமைக்காவுக்குத் துணை ஆளுநராக அனுப்பினார்கள்! அந்தக் கதவுக்கு முன்னால் நடத்தப்பட்டவர்களைப் பற்றியும் ஒரு வாரம் எழுதுங்கள்.

— ஒரு வாசகர், திருச்சி