எனக்கு ஒரு குழந்தைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுகுத்தண்டில் அடிபட்ட கணவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார்கள், சரி. ஆனால் 'இவருக்கு இரண்டு குழந்தைகள்' என்று ஒரு வரி இருந்ததே, அதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், அதுவும் அடிபட்டுக் கிடக்கும் என் கணவர் காதுபடவே.

எனக்கு ஒரே குழந்தை, இரண்டரை வயது. இன்னொருவர் அவளுடைய அப்பா.

வேலை இல்லை என்று சொல்ல வரவில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்து முடிக்கிற நேரம் பார்த்து மகள் விழித்து அழுவாள், அவளைத் தட்டித் தூங்கவைத்துவிட்டுக் கண்ணை மூடினால் அடுத்த அலாரம் அடிக்கும். காலையில் இடுப்பும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவருக்கு அங்கே உணர்ச்சி இல்லை, வலித்தால்தானே சொல்வார்.

ஒருநாள் திடீரென்று அவருக்கு மண்டை வெடிப்பதுபோல் வலி. முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்தான், "என்னை நிமிர்த்தி உட்காரவை, டியூப்பைப் பாரு" என்றார். பார்த்தால் சிறுநீர்க் குழாயின்மேல் மகள் பொம்மையோடு உட்கார்ந்திருக்கிறாள்! அவளைத் தூக்கியதும் பை நிறையத் தொடங்கியது, கொஞ்ச நேரத்தில் வலியும் இறங்கியது. கழுத்தில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டாலே ரத்த அழுத்தம் எகிறிவிடும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அவருக்கும் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான் தெரியும்.

இவரையா குழந்தை என்கிறீர்கள்? மகளுக்குத் தடுப்பூசி எப்போது என்பது அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும், எனக்கு இருக்காது. அவள் அடம்பிடித்தால் நான் கத்துவேன், அவர் கதை சொல்லி அடக்கிவிடுவார். தூக்க முடியாதுதான், ஆனால் மடியில் விட்டால் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொள்வார். அவளும் நெளியாமல் உட்காருவாள், என்னிடம் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

அடுத்தமுறை எழுதும்போது என் பொறுமையை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் குடும்பத்தாருக்கு என்னென்ன கற்றுத்தர வேண்டும் என்று எழுதுங்கள், அதை அவரிடமே கேட்கலாம். மதியம் மகள் தூங்கும் நேரமாகப் பார்த்து வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி